கூலி பேசிச் செய்கிற வேலை

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நினைவுச் சொற்பொழிவு என்றால் நினைவுக்குரியவரைப் பற்றி முதலில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு தலைப்புக்குள் போவது வழக்கம். எனக்கு அந்த வேலை மிச்சம். தலைப்பே அவர்தான். பிழைப்புக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று முப்பது வருடம் இந்தச் சங்கரன்கோவிலில் வாழ்ந்து முடித்தவர். வீட்டார் விருப்பப்படி பெயர் போடாமல் 'தையல்கார அண்ணன்' என்றே அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதுவும் சரிதான். பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. தையல்கார அண்ணன் என்றால் தெரியும்.

அவருடைய கடை பத்துக்கு எட்டு. இரண்டு தையல் மிஷின், ஒரு கட்டிங் மேசை, மேசைக்கு அடியில் மன்றத்தின் நூலகம். சட்டை கொடுக்க வந்தவன் புத்தகத்தோடு போவான். அளவு நோட்டின் முன்பக்கத்திலிருந்து கழுத்து, தோள், கை அளவுகள் ஓடும். பின்பக்கத்திலிருந்து மன்றத்தின் வரவு செலவு ஓடும். நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும் நாளில் புது நோட்டு வாங்குவார். ஆடித்தபசுக்கும் தீபாவளிக்கும் முன்னால் இருபது நாள் அவரிடம் இலக்கியம் பேச முடியாது. மற்ற நாளெல்லாம் பேசலாம். பிறகு ரெடிமேட் வந்தது. புதுத்துணி குறைந்து, பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூட யூனிபாரம் என்று தொழில் சுருங்கியது. பேச நேரம் கூடியது, காசு குறைந்தது.

அவருடைய அப்பா செருப்புத் தைத்தவர். தோலிலிருந்து துணிக்கு மாறியதைத்தான் அண்ணன் தன் வாழ்க்கையின் முதல் போராட்டமாகச் சொல்லுவார். பூமணியின் 'பிறகு' நாவலை எனக்கு முதலில் கொடுத்தவர் அவர்தான். 1979இல் வந்த நாவல். அதில் வரும் அழகிரி செருப்புத் தைக்கிற சக்கிலியர். "இது எங்க அய்யா கதை. நான் இதுக்கு அடுத்த பாகம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஒருமுறை அமைப்பு ஒன்று அவரை முழுநேர ஊழியராக அழைத்தது. மாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். "ஊசி என் கையில இருக்கிற வரைக்கும் யார்கிட்டயும் பேச்சு வாங்க வேண்டியதில்ல" என்றார். இந்த வாக்கியத்தை நாம் ஒவ்வொரு ஆண்டும் மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் பாதி உண்மையோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அண்ணனின் ஊசியைவிட அக்காவின் முறம்தான் அந்த வீட்டில் அதிக நாள் சோறு போட்டது. பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, மடியில் முறத்தை வைத்துச் சுற்றி, திரும்பக் கொண்டுபோய்க் கட்டி, கழிவு போக மிஞ்சியதை வாங்கி அவர் குடும்பம் நடத்தினார். அண்ணன் நோயில் விழுந்தபோது கைகொடுத்தது மன்றம் அல்ல, பீடிக்கடை பி.எஃப். பணம். துக்கம் கேட்கப் போன என்னிடம் அக்கா ஒன்று கேட்டார்: "அவருக்குப் பிடிச்ச வேலைய அவர் பாத்தாரு. எனக்கு என்ன பிடிக்கும்னு யாராவது கேட்டீங்களா?" எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இந்த உரை அந்தக் கேள்விக்குக் கடன்பட்டது.

இதே கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு முன் வேறு விதமாக ஒரு மாணவி கேட்டாள். "அக்கா, பிடிச்ச வேலையச் செய்யணுமா, கிடைச்ச வேலையச் செய்யணுமா?" செல்போனில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் 'உன் மனம் சொல்வதைக் கேள்' என்று தினமும் அவளிடம் சொல்கிறார்கள். வீட்டில் குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள். அவளுக்கு நாடகம் பிடிக்கும்.

நான் சமூகவியல் படித்தவள். மாக்ஸ் வேபர் 1917இல் மாணவர்களிடம் அறிவியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதற்கு அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லுக்குப் பிழைப்புத் தொழில் என்றும் பொருள்; அழைப்பு என்றும் பொருள். கடவுள் அழைத்து ஒப்படைத்த வேலை என்ற கிறித்தவக் கருத்திலிருந்து வந்த சொல் அது. நம் பக்கத்துத் தேவாலயங்களிலும் 'இறை அழைத்தல்' என்பார்கள். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தாத்தாவுக்கும் அழைப்பு வந்தது. கடவுளிடமிருந்து அல்ல, பண்ணைவீட்டுத் திண்ணையிலிருந்து. "ஏலேய்" என்று. மாடு செத்தால், ஊரில் ஆள் செத்தால், எழவு சொல்லப் போக வேண்டுமென்றால் அழைப்பு வரும். என்ன கூலி என்று கேட்க முடியாது. வரமாட்டேன் என்று சொல்ல முடியாது.

அம்பேத்கர் 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேசவிடாமல் போகவே சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையை எடுத்துப் பாருங்கள். (நிகழாமலே அச்சான சொற்பொழிவு அது. அச்சிட்ட நினைவுச் சொற்பொழிவுகளுக்கெல்லாம் அதைத் தாத்தா என்று சொல்லலாம்.) சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையும் பிரித்தது என்கிறார் அதில். நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுவது இதோடு நின்றுவிடும். அதற்கு அடுத்து அவர் சொல்வதுதான் இன்றைய தலைப்பு. இந்தத் தொழில் பிரிப்பில் ஒருவரின் விருப்பத்துக்கோ திறமைக்கோ இடமில்லை, பிறப்பு தீர்மானிக்கிறது. தொழிற்சாலை உலகின் வறுமையைவிட மோசமானது, விருப்பமில்லாத தொழிலில் இத்தனை பேர் கட்டுண்டு கிடப்பது. மனமும் அறிவும் ஒட்டாத வேலையில் திறன் எப்படி வரும் என்று கேட்கிறார். ஆகவே மனநிறைவான வேலை என்பது வசதியானவர்களின் கவலை, நமக்கெதற்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. சாதிக்கு எதிரான குற்றப்பத்திரிகையிலேயே அது இருக்கிறது.

ஆனால் அதே 1936இல் காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் இலட்சியத் துப்புரவாளர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்த வேலை புனிதமானது, அதை நிறைவோடு செய்ய வேண்டும் என்ற பார்வை அது. மலம் அள்ளுவதை உன்னதம் என்று அள்ளுகிறவனிடமே சொல்வது அவனைக் கேலி செய்வது என்று அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது பற்றிய தம் நூலில் சாடினார். 2007இல் குஜராத் அரசு வெளியிட்ட 'கர்மயோக்' நூலிலும், இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்வது பிழைப்புக்காக மட்டும் இருக்க முடியாது, ஆன்மிக அனுபவம் என்ற கருத்து வந்தது. தோழர்களே, மனநிறைவு என்ற சொல் நம் தெருவுக்கு வந்தபோதெல்லாம் கூலியைக் குறைக்கத்தான் வந்தது. சம்பளத்தைக் கேட்டால் சேவை என்றார்கள். விலக நினைத்தால் கர்மம் என்றார்கள்.

தொழிலைப் பிறப்போடு கட்டுவது பழங்கதை அல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றிருந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, 1954இல் அவர் ஆட்சியோடு போனது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருகிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அது ஏற்கப்படாததால், இந்த வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024இல் எழுதியது. பதினெட்டு என்பது கல்லூரிக்குப் போகும் வயது. செருப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, தையலும் இருக்கிறது. அண்ணன் உயிரோடு இருந்து, உன் குடும்பத் தொழில் எது என்று அவரிடம் கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பார்?

இனி கூலிக்கு வருகிறேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மூன்றாம் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்த டீச்சர், அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டபோது "ஆபீசுக்குப் போறாங்க" என்றேன். டீச்சர் முகத்தில் வந்த மரியாதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வாரம் நீடித்தது. விடியுமுன் ஆபீஸ் பஸ் வரும். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது. பள்ளி விட்டு வந்தால் வீட்டிலேயே நாங்களும் பெட்டி ஒட்டுவோம். விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரியும். பாமாவின் 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் மைக்கண்ணியைப் படித்தபோது எனக்கு அது கதையாகவே தெரியவில்லை.

அதை நல்ல வேலை என்று சொல்ல மாட்டேன். மருந்து நெடி, நெருப்புப் பயம், முதுகு ஒடிகிற வேலை. ஆனால் சனிக்கிழமை அம்மா கையில் ரூபாய் இருந்தது. எங்கள் குடும்பத்தில் தானியமாக இல்லாமல், மீந்த சோறாக இல்லாமல், எண்ணி வாங்கிய முதல் கூலி அது. வயல்காரர் அப்பாவை ஏசியபோது, "நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று அம்மாதான் சொன்னார். கூலியின் தொகையைவிட, அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிந்ததுதான் எங்களுக்குப் பெரிது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூலி கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நடந்த ஊர்வலத்தில்தான் நம் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். கூலியைக் கீழான விஷயமாகவும் மனநிறைவை மேலான விஷயமாகவும் பேசுகிற பேச்சை நம் சனங்களிடம் பேசக் கூடாது.

சரி, கூலி மட்டும் போதுமா? போதாது. அதற்கும் நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. நம் முன்னோடிகள் எதைத் தின்று எழுதினார்கள் என்று நாம் ஆராய்வதே இல்லை. அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவர் சித்த மருத்துவர். நாடி பிடித்த கைதான் பத்திரிகையும் எழுதியது. ஒரு பைசாவுக்கு விற்ற அந்த இதழைத் தாங்கியவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள். ஊரை விட்டு வெளியேறி, சுரங்கத்தில் இறங்கி, மாதக் கூலி வாங்கியவர்கள். அவர் மறைந்த பிறகு 'தமிழன்' மறுபடி உயிர்பெற்றதும் அங்கேதான். பூமிக்கு அடியில் வாங்கிய கூலி மேலே பத்திரிகையானது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். பின்னர் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார்.

அம்பேத்கரின் கதை இன்னும் சிக்கலானது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் படித்ததற்கு ஈடாக அங்கே வேலை செய்ய ஒப்பந்தம். 1917இல் போனார். பெரிய பதவி. ஆனால் சிப்பந்திகள் கோப்பைத் தூக்கி எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அடுத்த ஆண்டு சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மீண்டும் லண்டன் போய்ப் படிப்பை முடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' இதழ் வந்தபோது ஆசிரியர் பெயராக அவர் பெயர் இல்லை. அரசுக் கல்லூரி வேலையில் இருந்ததால் வேறொருவர் பெயர் போட வேண்டியிருந்தது. ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்த பத்திரிகையில் தன் பெயரை ஊமையாக்கிக்கொண்டார். பிறகு வக்கீல் தொழிலுக்கு வந்தார். மேலதிகாரி இல்லாத தொழில். 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்' தொடங்கும்போது ஆசிரியர் அவரே.

இதில் நான் பார்ப்பது, சம்பளம் ஒரே நேரத்தில் ஏணியாகவும் வாய்ப்பூட்டாகவும் இருக்கிறது என்பது. ஏணிக்காக எத்தனை நாள் பூட்டைப் பொறுப்பது என்பதை அவரவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பூனாவில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூட வேலையை விட்டு வந்த கன்ஷிராம் 1978 டிசம்பர் 6 அன்று பாம்செஃபைத் தொடங்கினார். வேலையை விட்டு வாருங்கள் என்று அவர் எல்லாரையும் கூப்பிடவில்லை. வேலையில் இருங்கள், பணமும் அறிவும் நேரமும் சமூகத்துக்குக் கொடுங்கள் என்றார். திருமாவளவன் மதுரையில் தடய அறிவியல் துறை வேலையில் இருந்துகொண்டே இயக்கம் கட்டி, 1999இல் தேர்தலில் நிற்கும்போதுதான் அதை விட்டார்.

எழுத்தாளர்களைப் பாருங்கள். நம் பக்கத்து ஆண்டிப்பட்டிக்காரரான பூமணி கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்தவர். (தலித் எழுத்தாளர் என்ற அடையாளம் பற்றி அவருக்கு வேறு கருத்து உண்டு, அது தனி விவாதம்.) ராஜ்கௌதமன் பேராசிரியராக இருந்தவர். ரவிக்குமார் வங்கி ஊழியராக இருந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த ஆசிரியர்தான் 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதினார். ஆரோக்கியம் ஊர்த்துணி வெளுத்து, வீடு வீடாகச் சோறு எடுத்து, களத்தில் நெல்லுக்குக் கை நீட்டுகிறாள். அவளுக்கு விலை பேசும் உரிமை இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் சம்பளமே இல்லாத ஒருத்தியின் வேலையை எழுதினார்.

பாமா இதற்கு நேரெதிர். இருந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று அழைத்தலை நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வசதியான பிள்ளைகளுக்கான பள்ளி. ஏழு ஆண்டுக்குப் பிறகு வெளியே வந்தபோது கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை. அந்த நிலையில் எழுதியதுதான் 1992இல் வந்த 'கருக்கு'. இதைச் சொன்னதும், பார்த்தீர்களா, பட்டினியில்தான் இலக்கியம் பிறக்கும் என்று யாராவது கிளம்புவார்கள். 'கருக்கு'க்குப் பிறகு அவர் மீண்டும் பள்ளிக்கூட வேலைக்குப் போனார். 'சங்கதி'யும் 'வன்ம'மும் அதற்குப் பிறகு வந்தவை.

பறைக்கு வருகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எத்தனையோ ஊர்களில், இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் ஆட்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அடி வாங்கினார்கள். அதே காலத்தில் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். பறை இழிவா, கலையா என்று நாம் பல இரவுகள் சண்டை போட்டிருக்கிறோம். அண்ணனுக்கும் எனக்கும் அதில் ஆறு மாதம் பேச்சில்லை. பறையே வேண்டாம் என்பது அவர் கட்சி. இன்று யோசித்தால் நாங்கள் தோலைப் பற்றிச் சண்டை போட்டோம், அழைப்பைப் பற்றிப் பேசவில்லை. பறை அதே பறை, அடி அதே அடி. "ஏலேய், வந்து அடி" என்றால் அது அடிமை வேலை. "இன்ன தேதி, இத்தனை பேர், இவ்வளவு தொகை, வண்டி வாடகை தனி" என்று பேசி, பிடிக்கவில்லை என்றால் வர முடியாது என்று சொல்ல முடிந்தால் அது தொழில். அதற்குமேல் அதைக் கலை என்று சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அடிப்பவர் விருப்பம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் நம் விழாக்களிலேயே பறைக் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, பஸ் காசோடு அனுப்புகிறோம். பொன்னாடையை எந்தக் கடையிலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதே கேள்வி 2025 ஆகஸ்டில் பெரிய அளவில் வந்தது. சென்னை மாநகராட்சி, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அப்போது திருமாவளவன் ஒரு கருத்துச் சொன்னார்: இந்த வேலையை நிரந்தரமாக்கு என்பது, குப்பை அள்ளுகிறவர்களே தலைமுறைக்கும் அள்ளட்டும் என்பதாகிவிடும். நம்மிடையே கடும் விவாதம் நடந்தது. அவர் கவலையை நான் ஒதுக்க மாட்டேன். அது 'சாதி ஒழிப்பு' உரையிலிருந்து வருகிற கவலை. ஆனாலும் இதில் நான் அந்தப் பெண்கள் பக்கம். நிரந்தர வேலையும் பி.எஃப்.பும் ஓய்வூதியமும் இருந்த துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைகள் ஆசிரியரானதை, நர்ஸ் ஆனதை நான் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குப் போகிறவரின் பிள்ளை, அம்மாவுக்கு முடியாத நாளில் அதே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தொழிலிலிருந்து வெளியேறுவதற்கும் சேமிப்பு வேண்டும். அதை யார் கொடுப்பது என்று சொல்லாமல் வெளியேறச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு, குழந்தைத் தொழிலாளர் மீட்புக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பெட்டி ஒட்டிய கை, பெட்டி ஒட்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறது. இதைவிட நிறைவான வேலை இருக்க முடியுமா? இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருவேன். சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு வரவில்லை. கேட்டபோது, "நீங்களே இப்படிக் கேக்கலாமா? இது உங்க மக்களுக்கான வேலைதானே" என்றார்கள். நானும் வெட்கப்பட்டுத் திரும்பினேன். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. திண்ணை மாறியிருந்தது, அவ்வளவுதான். திட்டம் முடிந்தது, நாங்களும் முடிந்தோம். இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரிலேயே இருப்பதால் மே மாதச் சம்பளத்தில் இல்லை. ஆனால் நாலு மணிக்கு மேல் நேரம் என்னுடையது. என் இரண்டு புத்தகங்களும் அந்த நாலு மணிக்கு மேல் எழுதியவை.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான். பிடித்த வேலையா, கிடைத்த வேலையா என்று கேட்காதே. அந்த வேலை உனக்கு எத்தனை மணி நேரத்தை மிச்சம் வைக்கும் என்று கேள். உன் பெயரில் எழுத விடுமா என்று கேள். வேண்டாம் என்றால் விலகிவர எத்தனை மாதக் கூலி கையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடு. குரூப் 4 எழுது. ஆனால் அதற்காக ஏழு வருடம் வாழ்க்கையை நிறுத்திவைக்காதே. இட ஒதுக்கீடு அரசு வேலையில்தான் இருக்கிறது, அரசு வேலையோ ஒப்பந்தம், அவுட்சோர்சிங் என்று சுருங்குகிறது; தனியார் துறை நம் சாதிச் சான்றிதழைப் பார்த்துக் கதவைத் திறப்பதில்லை. இதைத் தனி ஆளாக நீ தீர்க்க முடியாது, அதற்குத்தான் அமைப்பு. நாடகத்தை விட்டுவிடாதே, ஆனால் நாடகம் போடக் கூப்பிடுகிறவர்களிடம் முதல் நாளே தொகையைப் பேசு. நம் ஆட்களிடமும் பேசு. நம் ஆட்களிடம்தான் முதலில் பேசு.

அவள் கேட்டாள்: "நம்ம ஆட்கள்கிட்ட எப்படிக்கா காசு கேக்கிறது?" அங்கேதான் சிக்கல். மன்றங்களும் அமைப்புகளும் சிறுபத்திரிகைகளும் யாரோ ஒருவரின் தூக்கத்திலும், அந்த யாரோ ஒருவரின் மனைவி சுற்றும் பீடியிலும் நடக்கின்றன. மெய்ப்புப் பார்த்தவருக்குக் காசில்லை. அட்டைப்படம் வரைந்தவருக்குக் காசில்லை. சமைத்த பெண்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி. அண்ணன் இதை அறிந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கடைசி நோட்டில் மன்றக் கணக்குப் பக்கத்தில், தன் கைக்காசு போட்ட இடத்திலெல்லாம் 'வீடு' என்று எழுதியிருக்கிறார். தன் பெயரை எழுதவில்லை. அந்த 'வீடு' யார் என்று நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டிலிருந்து இந்தச் சொற்பொழிவு அக்காவின் பெயரையும் சேர்த்து நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அந்த 'வீடு' வரிகளைக் கூட்டிப் பார்த்து, மன்றம் அந்தத் தொகையை அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். தொகையைச் செயலாளரிடம் தனியாகத் தருகிறேன். ஒரே நாளில் முடியாது; தவணையில் கொடுக்கலாம்.

இன்னொன்று. உரை முடிந்ததும் உறை கொடுப்பது, பேச்சாளர் அதை வாங்கி மன்ற வளர்ச்சிக்கே திருப்பிக் கொடுப்பது, எல்லோரும் கைதட்டுவது இந்த மேடையின் வழக்கம். நானும் மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன். அதில் ஒருமுறை பஸ்சுக்குக் கடன் வாங்கித்தான் ஊர்போய்ச் சேர்ந்தேன். இந்த உரையை எழுத எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. இன்று உறையை வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

வாசலில் நம்மைப் பறையடித்து வரவேற்ற பிள்ளைகள் இன்னும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிய தொகை கைக்கு வரவில்லை என்று டீ குடிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் ஊருக்குக் கடைசிப் பஸ் ஒன்பதரைக்கு. நன்றியுரை நீளமாக இருக்கும் போலத் தெரிகிறது. பொருளாளர் தோழர் அதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.